மொசைக் தரையில் வினிகர் ஊற்றலாமா?

கேள்வி: தரை, கழிப்பறை, பாத்திரம் என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாட்டில் வாங்கிக் கட்டுப்படியாகவில்லை. வினிகரையும் சமையல் சோடாவையும் கலந்து எல்லாவற்றையும் கழுவலாம் என்கிறார்கள். எங்கள் வீட்டில் இருப்பது பழைய மொசைக் தரை. கழுவலாமா? (ஒரு வாசகி, மதுரை)

பதில்: இரண்டையும் கலக்க வேண்டாம். வினிகர் அமிலம், சோடா காரம். கலந்தவுடன் நுரை பொங்குவதைப் பார்க்கத் திருப்தியாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நுரையோடு இரண்டின் வீரியமும் தீர்ந்து, மிஞ்சுவது பெரும்பாலும் சோடியம் அசிடேட் கலந்த தண்ணீரே. தனித்தனியாக வைத்துக்கொண்டால் இரண்டுமே பயன் தரும். அடுப்பு மேடையின் எண்ணெய்ப் பிசுக்குக்கு ஈரத் துணியில் சோடாவைத் தொட்டுத் தேய்க்கலாம். ஆழ்துளைக் கிணற்று நீரால் குழாயில் படியும் வெள்ளை உப்புக்கறைக்கு, வினிகரில் நனைத்த துணியை அரை மணி நேரம் சுற்றி வைத்துப் பிறகு தேய்த்துக் கழுவலாம்.

அந்த உப்புக்கறையைக் கரைக்கும் அமிலம் உங்கள் தரையையும் கரைக்கும் என்பதுதான் சிக்கல். மொசைக் என்பது சிமெண்டில் பதித்த சலவைக்கல் சில்லுகள். கறையில் இருக்கும் அதே கால்சியம் கார்பனேட்தான் சலவைக்கல்லிலும் இருக்கிறது. ஆகவே வினிகரும் எலுமிச்சைச் சாறும் நாளடைவில் பளபளப்பைத் தின்றுவிடும். மறுபடி பாலிஷ் போட ஆகும் செலவில் பல ஆண்டுகளுக்குத் தேவையான பாட்டில்களை வாங்கிவிடலாம். வெல்லம் ஒரு பங்கு, பழத்தோல் மூன்று பங்கு, தண்ணீர் பத்துப் பங்கு என்று கலந்து மூன்று மாதம் புளிக்கவிடும் பயோ என்சைமும் அமிலமே என்பதால், அதையும் மொசைக்கில் ஊற்றாதீர்கள்.

உங்கள் தரைக்கு ஒரு வாளித் தண்ணீரில் சில சொட்டுப் பாத்திரத் திரவமோ, விதை நீக்கிய பூந்திக்கொட்டைகளை இரவு ஊறவைத்து மறுநாள் கொதிக்கவிட்டு வடித்த நீரோ போதும். பூந்திக்கொட்டை நீர் இரண்டு மூன்று நாளில் கெட்டு நாறும் என்பதால் கொஞ்சமாகவே செய்யுங்கள். கழிப்பறையின் மஞ்சள் கறைக்கு எலுமிச்சை உப்பை (சிட்ரிக் அமிலத் தூள்) இரவில் தூவி, காலையில் தேய்க்கலாம்.

இவையெல்லாம் அழுக்கை நீக்குமே தவிர, கிருமிநாசினி என்று நம்பத்தக்கவை அல்ல. வீட்டில் யாருக்காவது வயிற்றுப்போக்கு இருந்தால் பிளீச்சிங் பவுடரைத்தான் நாட வேண்டும். அதைப் பயன்படுத்தும் இடத்தில் வினிகரோ, எலுமிச்சை உப்போ, கழிப்பறை ஆசிட்டோ படவே கூடாது; பட்டால் மூச்சைத் திணறடிக்கும் குளோரின் வாயு எழும்.

கேள்வி: பிரியாணி இலை, கிராம்பு எல்லாம் வைத்தும் கரப்பான் பூச்சி போகவில்லை. வீட்டிலேயே செய்யக்கூடிய மருந்து உண்டா? (ஒரு வாசகர், திருச்சி)

பதில்: வாசனைப் பொருள் கரப்பானை ஓர் அலமாரியிலிருந்து அடுத்த அலமாரிக்கு அனுப்பினாலே பெரிது, கொல்லாது. கொல்லக்கூடியது போரிக் பவுடர். அதைச் சர்க்கரை, கோதுமை மாவுடன் பிசைந்து சிறு உருண்டைகளாக்கி, ஈரம் படாத இடுக்குகளில் வையுங்கள். தின்ற கரப்பான் உடனே சாகாது, சில நாட்கள் ஆகும். மறுநாளே பலன் தெரியவில்லை என்று அதன்மேல் ஸ்பிரே அடித்தால், அந்த நெடிக்கு எந்தக் கரப்பானும் உருண்டையை நெருங்காது. உணவின்றிப் பல வாரங்கள் தாங்கும் கரப்பான், தண்ணீரின்றி அவ்வளவு நாள் தாங்காது என்பதால், இரவில் சிங்க்கைத் துடைத்து உலர்த்துவது பாதி மருந்து.

வீட்டில் செய்தது என்பதற்காக இது சாதுவானதாகிவிடாது. பார்வைக்கு மாவு போலவே இருக்கும் போரிக் பவுடர், குழந்தை விழுங்கினால் நஞ்சு. சமையலறை டப்பா எதிலும் போட்டு வைக்காதீர்கள். தவழும் குழந்தையோ வளர்ப்பு விலங்கோ உள்ள வீட்டில் இந்த உருண்டையே வேண்டாம்.

கேள்வி: “மூலிகை” என்று அச்சிட்ட கொசு ஊதுபத்தியை நம்பி வாங்கலாமா? (ஒரு வாசகி, கடலூர்)

பதில்: அட்டையின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள். இந்தியாவில் பூச்சிக்கொல்லிகள் 1968ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி பதிவு செய்யப்பட வேண்டும். பதிவு எண்ணும், உள்ளிருக்கும் மருந்தின் பெயரும் அளவும் இல்லாத பத்தியைக் கடையிலேயே வைத்துவிட்டு வாருங்கள். ஏற்கெனவே வாங்கி ஏமாந்திருந்தால், ரசீதையும் அட்டையையும் பத்திரப்படுத்திக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் பதிவு செய்யலாம்.