வாசகர் கேள்வி – பதில்: பந்தெறியும் இயந்திரமும் மலைக்காற்றும்

கேள்வி: வணக்கம் ஐயா. நாங்கள் கோவையில் இயந்திரவியல் இறுதியாண்டு படிக்கும் ஐவர். உதகையில் உள்ள பள்ளி ஒன்றின் டென்னிஸ் மாணவர்களுக்காக, இரண்டு சக்கரங்களுக்கிடையே பந்தை நுழைத்து எறியும் தானியங்கி இயந்திரம் ஒன்றைச் செய்திருக்கிறோம். நான்கு நொடிக்கு ஒரு பந்து, மணிக்கு 72 கிலோமீட்டர் வேகம். கல்லூரி மைதானத்தில் பந்துகள் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்தன. உதகையில் அதிகாலையில் இயக்கியபோது சில பந்துகள் கோட்டைத் தாண்டின; சில ஒரு மீட்டருக்கு மேல் முன்னதாகவே விழுந்தன. மலையில் காற்று அடர்த்தி குறைவு என்பதே காரணம் என்று எங்களில் மூவர் உறுதியாகச் சொல்கின்றனர். அது சரியா?
– குழுவின் சார்பில் ஒரு மாணவி, உதகை

பதில்: மூவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. கோவை கடல் மட்டத்திலிருந்து சுமார் 410 மீட்டர் உயரத்திலும், உதகை சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. குளிரில் காற்று சற்று அடர்வதையும் கணக்கில் சேர்த்துக்கொண்டால், உதகையின் காற்று கோவையின் காற்றைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு அடர்த்தி குறைந்தது. பந்தைப் பின்னிழுக்கும் காற்றுத் தடையும், மேற்சுழற்சி (மேற்பகுதி முன்னோக்கி உருளும் சுழற்சி) பெற்ற பந்தைக் கீழே அழுத்தும் மேக்னஸ் விசையும் காற்றின் அடர்த்திக்கு நேர் விகிதத்தில் இருப்பதால், இரண்டுமே அதே அளவு குறைகின்றன. ஆகவே உங்கள் வேகத்தில் எறியப்படும் டென்னிஸ் பந்து உதகையில் அரை மீட்டர் அளவுக்கு நீண்டு விழுவது இயல்பே.

ஆனால் அந்த விளைவு எல்லாப் பந்துகளுக்கும் ஒரே திசையில், ஏறக்குறைய ஒரே அளவில் நிகழ வேண்டும். காற்று ஒரு பந்தை நீட்டி, அடுத்த பந்தைக் குறுக்காது. விழும் இடங்கள் மொத்தமாக நகர்ந்திருந்தால் காற்றைக் காரணம் சொல்லலாம். அவை சிதறியிருந்தால் இயந்திரத்தைத்தான் திறந்து பார்க்க வேண்டும். உங்களுக்கு இரண்டும் சேர்ந்து நிகழ்ந்திருக்கின்றன என்றே கருதுகிறேன். நகர்வைச் சரிசெய்ய எறிகோணத்தைச் சிறிது குறைத்தாலோ, சக்கர வேகத்தைச் சற்றுத் தணித்தாலோ போதும். அது ஐந்து நிமிட வேலை. சிதறலுக்குத்தான் உழைக்க வேண்டும்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 58 கிராம் எடையுள்ள பந்தை மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில் அனுப்ப அதற்கு 11.6 ஜூல் ஆற்றல் தர வேண்டும். பந்து சக்கரத்தின் வேகத்தை எட்டும்வரை இரண்டுக்குமிடையே வழுக்கல் இருப்பதால், ஏறத்தாழ அதே அளவு ஆற்றல் வெப்பமாக வீணாகும். இரண்டும் சேர்ந்து 23 ஜூல். உங்கள் சக்கரம் 30 சென்டிமீட்டர் விட்டமும், பெரும்பகுதி விளிம்பிலேயே அமைந்த ஒரு கிலோ எடையும் கொண்டது என்று வைத்துக்கொள்வோம். நிமிடத்துக்குச் சுமார் 1,270 சுற்று சுழலும்போது அதன் விளிம்பு நொடிக்கு 20 மீட்டர் செல்லும். அதில் 200 ஜூல் ஆற்றல் சேமிந்திருக்கும். இரு சக்கரங்களிலும் 400. அதிலிருந்து ஒரு பந்து 23 ஜூலை எடுத்துக்கொண்டு போனால் சக்கர வேகம் 3 விழுக்காடு குறைகிறது. அந்தக் குறைவை மோட்டார் ஈடுகட்டி முடிப்பதற்குள் அடுத்த பந்து நுழைந்துவிட்டால், அது ஏறக்குறைய ஒரு மீட்டர் முன்னதாகவே விழும். காற்றினால் வரும் வேறுபாட்டைவிட இது பெரியது என்பதைக் கவனியுங்கள்.

கோவையில் நான்கு நொடி இடைவெளி போதுமானதாக இருந்திருக்கும். உதகையின் அதிகாலைக் குளிரில் லெட் ஆசிட் பேட்டரி தன் முழுத் திறனைத் தராது. பேரிங்கில் இட்ட கிரீஸும் இறுகியிருக்கும். மோட்டார் இழந்த வேகத்தைத் திரும்பப் பெறக் கூடுதல் நேரம் எடுத்துக்கொள்ளும். உங்கள் கட்டுப்பாட்டு நிரலோ நான்கு நொடி ஆனதும் பந்தை உள்ளே விட்டுவிடுகிறது. இதற்குத் தீர்வாகப் பலர் உடனே பெரிய மோட்டார் வாங்குவார்கள். அது வீண்செலவு என்பது என் கருத்து. ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சிறு காந்தத்தை ஒட்டி, எதிரே, காந்தம் கடப்பதை உணர்ந்து சுற்று வேகத்தை அளக்க உதவும் ஹால் சென்சார் ஒன்றைப் பொருத்தி, இரு சக்கரங்களும் குறித்த வேகத்தை எட்டிய பிறகே ஊட்டும் தட்டு திரும்புமாறு ஆர்டுயினோ (சிறு கட்டுப்பாட்டுக் கணினிப் பலகை) நிரலை மாற்றி எழுதுங்கள். இடைவெளி நான்கு நொடியோ ஆறு நொடியோ, பயிற்சி பெறும் பிள்ளைகளுக்கு அதனால் பெரிய இழப்பில்லை.

மற்றொரு காரணம் ஈரம். பனி படர்ந்த புல்லில் உருண்ட பந்தின் மேலுள்ள கம்பளி நீரை உறிஞ்சி எடை கூடுவதோடு, சக்கரத்தின் ரப்பர் பரப்பில் வழுக்கவும் செய்யும். வழுக்கிய பந்து சக்கரத்தின் முழு வேகத்தையும் பெறாமலே வெளியேறிவிடும். முதல் கூடையில் இருந்த உலர்ந்த பந்துகள் நீண்டு விழுந்து, பொறுக்கி வந்து மீண்டும் இட்டவை குறுகி விழுந்தனவா என்பதைக் குழுவினரிடம் விசாரியுங்கள். உலர்ந்த பந்துகள் இருபது, நனைந்த பந்துகள் இருபது என்று தனித்தனியாக எறிந்து, விழும் இடங்களைச் சுண்ணாம்புப் பொடியால் குறித்து அளந்தால் விடை தெரிந்துவிடும். ஒரு சோதனையில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும் என்பதை இறுதியாண்டு மாணவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, ஆயினும் சொல்லிவைக்கிறேன்.

கேள்வி: மேல் சக்கரமும் கீழ்ச் சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்றினால் பந்தின் வேகம் எதைப் பொறுத்தது?
– பிளஸ் டூ மாணவர், கூடலூர்

பதில்: இரண்டு விளிம்பு வேகங்களின் சராசரியே பந்தின் வேகம், அவற்றின் வேறுபாடு சுழற்சியாக மாறுகிறது. மேல் சக்கரம் நொடிக்கு 22 மீட்டரும் கீழ்ச் சக்கரம் 18 மீட்டரும் சென்றால், பந்து 20 மீட்டர் வேகத்தில், நொடிக்கு ஒன்பது அல்லது பத்துச் சுற்று மேற்சுழற்சியுடன் வெளிவரும். வழுக்கல் இல்லாதபோதுதான் இந்தக் கணக்குப் பொருந்தும்.

கேள்வி: எங்கள் பள்ளியில் இயந்திரம் எறியும் பந்து தரையில் பட்டதும் மாணவர்களின் தோளுக்கு மேல் எழும்புகிறது. வேகத்தைக் குறைத்தும் பெரிதாகப் பயனில்லை. என்ன செய்யலாம்?
– உடற்கல்வி ஆசிரியர், கொடைக்கானல்

பதில்: குறையை இயந்திரத்தில் தேடாதீர்கள், பந்தை மாற்றுங்கள். சாதாரண டென்னிஸ் பந்தினுள் அழுத்தப்பட்ட காற்று அடைக்கப்பட்டிருக்கிறது. கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல் இருப்பதால் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்து, பந்து உள்ளிருந்து மேலும் விறைத்து, கூடுதலாக எழும்புகிறது. இதற்காகவே சர்வதேச டென்னிஸ் கூட்டமைப்பின் விதிகளில் 1,219 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களுக்கென்று தனி வகைப் பந்துக்கு இடமளித்திருக்கிறார்கள். அது கிடைக்காவிட்டால் உள்ளழுத்தம் இல்லாத பயிற்சிப் பந்துகளை வாங்குங்கள். அவை நாள்பட்டாலும் காற்றிறங்கித் தளர்ந்துபோகாதவை என்பதால் இயந்திரத்துக்கு இன்னும் ஏற்றவை.

கேள்வி: பந்துவீசும் இயந்திரம் அண்மைக் காலத்துக் கண்டுபிடிப்பா?
– வாசகர், பழநி

பதில்: இல்லை. கணங்களை வட்டங்களாக வரைந்து காட்டும் வென் படத்தைப் பள்ளியில் படித்திருப்பீர்கள். அதைத் தந்த ஜான் வென் கிரிக்கெட் பந்துவீசும் இயந்திரம் ஒன்றையும் செய்தார். 1909இல் கேம்பிரிட்ஜுக்கு வந்த ஆஸ்திரேலிய அணியின் முன்னணி ஆட்டக்காரர் ஒருவரை அது நான்கு முறை ஆட்டமிழக்கச் செய்தது. டென்னிஸுக்கான இயந்திரத்தை 1920களில் பிரெஞ்சு வீரர் ரெனே லகோஸ்ட் தம் சொந்தப் பயிற்சிக்காக உருவாக்கினார்.

கேள்வி: என் மகன் கல்லூரி நண்பர்களுடன் சேர்ந்து கிரிக்கெட் பந்துவீச்சு இயந்திரம் ஒன்றை வீட்டு முற்றத்திலேயே செய்துகொண்டிருக்கிறான். பத்தாம் வகுப்புப் படிக்கும் மகளும் உடன் நிற்கிறாள். பயப்பட வேண்டுமா?
– தாய், கோத்தகிரி

பதில்: பயம் வேண்டாம் அம்மா, கண்டிப்பு வேண்டும். 160 கிராம் எடையுள்ள தோல் பந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும்போது அதன் ஆற்றல் 60 ஜூலைத் தாண்டுகிறது. மேலே கணக்கிட்ட டென்னிஸ் பந்தைப் போல ஐந்து மடங்கு. ஆகவே சோதனைகள் முடியும்வரை தோல் பந்தை எடுக்க அனுமதிக்காதீர்கள். சக்கரங்களைச் சுற்றிக் கம்பி வலைக் கூண்டு பொருத்தாமல் மின்சாரம் கொடுக்கக் கூடாது. விசையை அணைத்த பிறகும் சக்கரங்கள் சில நொடிகள் முதல் ஒரு நிமிடம் வரைகூடச் சுற்றிக்கொண்டே இருக்கும். சிக்கிய பந்தை எடுக்கக் கையை விட்டு விரலை இழப்பது பெரும்பாலும் அந்த நேரத்தில்தான். பேட்டரி இணைப்பைக் கழற்றி, சக்கரம் முழுவதுமாக நின்றதைக் கண்ணால் பார்த்த பிறகே எவரும் அருகில் செல்லலாம். சிவப்பு நிற அவசர நிறுத்து விசை, இயந்திரத்துக்குப் பின்னால், எட்டும் உயரத்தில் இருக்கட்டும்.

உங்கள் ஊருக்கென்று ஒன்றையும் சேர்த்துக்கொள்கிறேன். முற்றத்தை அடுத்துத் தேயிலைச் சரிவு இருந்தால் அந்தப் பக்கம் முழுவதும் உயரமாக வலை கட்டச் சொல்லுங்கள். வலையைத் தாண்டிப் போன பந்தைத் தேடி, காட்டெருமைகள் மேயும் மாலை வேளையில் பிள்ளைகளைச் செடிகளுக்குள் இறங்க விடாதீர்கள்.