பிடி அரிசியை என்ன செய்வது?

அன்புள்ள அண்ணனுக்கு, ஸ்தோத்திரம்.

எங்கள் சபையில் 60 குடும்பங்கள். மாமியார் காலத்தில் வீட்டுக்கு வீடு பிடி அரிசி, அதாவது சமைக்கும்போது காணிக்கையாக ஒரு பிடி அரிசி, எடுத்துவைப்பார்களாம். எப்போதோ நின்றுவிட்டது. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் மறுபடியும் தொடங்கலாம் என்று பேசினோம், குருவானவருக்கும் சந்தோஷம். ஆனால் கமிட்டியில், "ரேஷனில் சும்மா அரிசி போடுகிற காலத்தில் யாருக்கு அரிசி கொடுக்கப் போகிறீர்கள்?" என்று கேட்கிறார்கள். சபைக்கு வெளியே உள்ளவர்களுக்குக் கொடுக்கலாமா என்பதிலும் இரண்டு கட்சி. கனடாவில் இருக்கும் எங்கள் ஊர்த் தம்பி ஒருவர் மாதாமாதம் பணம் அனுப்புகிறேன் என்கிறார். அதை வாங்கலாமா? விவரமாக எழுதுங்கள்.

ஒரு வாசகி, தூத்துக்குடி மாவட்டம்

அன்புள்ள சகோதரிக்கு,

கமிட்டியில் கேட்டது சரியான கேள்வி. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் அரிசி அட்டைக்கு விலையில்லாமல் அரிசி கிடைக்கிறது. அந்தியோதயா அட்டைக்கு மாதம் 35 கிலோ. இந்த நிலையில் அரிசிப் பை கொண்டுபோய்க் கொடுத்தால், வாங்குகிறவர் முகத்துக்காக வாங்கிக்கொள்வார். அவருடைய தேவை வேறு எங்கோ இருக்கும். அதற்காகப் பிடி அரிசியைக் கைவிட வேண்டாம். அரிசியாகச் சேருங்கள், பணமாக மாற்றிச் செலவழியுங்கள். மிசோரம் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் 1910 முதல் இதைத்தான் செய்கிறார்கள். சமைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துவைப்பது, சபைப் பெண்கள் வந்து வாங்கிப்போய் விற்பது, பணம் சபைக் கணக்கில் சேர்வது. பணக்கார மாநிலம் அல்ல அது, மலைநாட்டு வீடுகளின் அடுப்படிதான்.

இனி நடைமுறை. பெண்கள் கையில் ஒரு பிடி அரிசி ஏறக்குறைய 40, 50 கிராம் வரும். இரண்டு வேளை எடுத்தால் மாதத்துக்கு இரண்டரை முதல் மூன்று கிலோ. 60 வீட்டில் பாதிதான் விடாமல் எடுக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள், 75 கிலோ. கிலோ 50 ரூபாய் என்றால் 3,750 ரூபாய். இதற்கு மேல் கணக்குப் போட்டு யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள்.

அரிசியைக் களைவதற்கு முன்னால் எடுக்க வேண்டும். ஈரக்கை பட்ட ஒரு பிடி போதும், டப்பா முழுக்கக் கட்டி பிடித்துப் பூசணம் வாசம் அடிக்கும். மூடியுள்ள டப்பாவை அரிசி டிரம்முக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். ஷெல்ஃபில் வைத்தால் மறந்துபோகும்.

பழைய முறையில் ஒரு பெரிய குறை, அரிசி கலந்துபோவது. எல்லார் வீட்டு அரிசியையும் ஒரே சாக்கில் கொட்டினார்கள். பச்சரிசி சீக்கிரம் வெந்துவிடும், புழுங்கலுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு நேரம் வேண்டும். ஒன்றாகப் போட்டால் ஒன்று குழையும், ஒன்று நறுக்கென்று நிற்கும். அந்தச் சோற்றை யார் சாப்பிடுவார்? அதனால் வாங்கும் இடத்திலேயே மூன்று டிரம்: பச்சரிசி, சாப்பாட்டுப் புழுங்கல், இட்லி அரிசி. எதிலும் சேராத கலப்பைக் கோழித் தீவனத்துக்கு விற்றுவிடுங்கள்.

அடுத்தது வண்டு. ஒரு வீட்டு அரிசியில் வண்டு இருந்தால் போகப்போக டிரம் முழுக்க ஏறிவிடும். முட்டை அரிசி மணிக்குள்ளேயே இருப்பதால் பார்வைக்குத் தெரியாது. ஒவ்வொரு பையையும் முறத்தில் கொட்டிப் பார்த்த பிறகே டிரம்மில் சேருங்கள். சந்தேகமானதைத் தனியாக வைத்து, நிழலில் பரப்பிப் புடைத்தெடுங்கள். சுள்ளென்ற வெயிலில் காயப்போட்டால் அரிசி வெடித்துக் குருணையாகும், விலை இறங்கிவிடும். 30 நாளுக்கு மேல் எதையும் சேர்த்துவைக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பதினைந்து நாளுக்கு ஒருமுறை விற்றுவிடுவது நல்லது.

இன்னொன்று, இதில் கவனம் தப்பக்கூடாது. ரேஷன் அரிசியை விற்பதும் வாங்குவதும் குற்றம். உங்கள் டிரம்மில் அது கலந்து, நீங்கள் விற்றால் சபை பதில் சொல்ல வேண்டிவரும். ரேஷன் அரிசி சமைக்கிற வீடுகளுக்கு அரிசி டப்பாவே வேண்டாம், ஒரு சின்ன உண்டியல் கொடுங்கள். சமைக்கிறபோது ஒரு ரூபாயோ இரண்டு ரூபாயோ போடட்டும். அதுவும் பிடி அரிசிதான்.

மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் காம்பவுண்டிலேயே பத்துப் பத்துக் கிலோவாகக் கட்டி ஏலம் விடுங்கள். கடைவிலைக்குக் குறையாமல் சபையாரே எடுப்பார்கள். எடை போட ஒருவர், எழுத ஒருவர், நோட்டில் இரண்டு கையெழுத்து. பணம் திங்கட்கிழமை வங்கிக்குப் போய்விட வேண்டும். மொத்த எடையையும் தொகையையும் மட்டும் சபையில் வாசியுங்கள். எந்த வீட்டில் எத்தனை கிலோ என்று ஒருநாளும் வாசிக்காதீர்கள். குறைவாகக் கொடுக்கிற வீடு அடுத்த மாதம் டப்பாவையே ஒளித்துவைக்கும், கூச்சம் அப்படி.

செலவுக்கு வருவோம். அரசு கொடுக்காத இடம் எதுவென்று பார்த்துக் கொடுங்கள். டயாலிசிஸ் அரசு மருத்துவமனையில் இலவசம், டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட்டும் இல்லை. ஆனால் நாலு மணிநேரம் மெஷினில் கிடந்துவிட்டுத் தலைசுற்றலோடு வருகிறவரை நெரிசல் பஸ்ஸில் நிற்கவைத்துக் கூட்டிவர முடியாது. ஆட்டோ வேண்டும், வாரம் இரண்டு மூன்று தடவை. வேலைக்குப் போகாமல் கூடவே போகிறவருக்குச் சாப்பாட்டுச் செலவு வேண்டும். மாதம் 3,750 ரூபாயை ஐம்பது வீட்டுக்குப் பிரித்தால் ஆளுக்கு 75 ரூபாய், யாருக்கும் பயன் இல்லை. இரண்டு வீட்டுக்கு, ஆறு மாதம் விடாமல் கொடுத்தால் அந்த வீடு வட்டிக்கடனுக்குப் போகாமல் தப்பும். காசே இல்லாத உதவியும் உண்டு. கைரேகை தேய்ந்துபோன முதியவர்கள் ரேஷன் கடையில் மெஷின் எடுக்கவில்லை என்று திரும்பி வருவார்கள். தங்களுக்குப் பதிலாக இன்னொருவர் பொருள் வாங்க அங்கீகாரப் படிவம் கொடுக்கலாம். அதை நிரப்பி, கூடப் போய்க் கொடுக்க வாலிபர் சங்கத்தில் ஒருவர் இருந்தால் போதும்.

யாருக்குக் கொடுப்பது என்ற பட்டியலில்தான் சண்டை வரும். ஆதிசபையின் முதல் சண்டைகளில் ஒன்றே இதுதான்: அன்றாடப் பந்தி விசாரணையில், அதாவது உணவுப் பங்கீட்டில், கிரேக்கருடைய விதவைகள் விடப்பட்டார்கள் என்ற முறுமுறுப்பு, அப்போஸ்தலர் 6-ஆம் அதிகாரம். அதற்கு ஏழு பேரைத் தனியாக நியமித்தார்கள். நீங்களும் மூன்று பேரையாவது நியமியுங்கள். அதில் ஒருவர் கமிட்டிக்காரரின் உறவாக இல்லாமலும், ஒருவர் வேறு தெருக்காரராகவும் இருக்கட்டும். எந்தத் தெரு என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்பது நம் ஊர்க்காரருக்கு விளங்கும். கிறிஸ்துமஸுக்கு ஆல்டர் முன்னால் வரிசையில் நிற்கவைத்து, பையைக் கொடுத்து, போட்டோ எடுக்கிற பழக்கத்தைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். பிள்ளைகள் அந்தப் போட்டோவை வாட்ஸ்அப்பில் பார்க்கிறார்கள். வீட்டுக்குப் போய், சாயங்காலம், ஒருவரோ இருவரோ கொடுத்தால் போதும்.

சபைக்கு வெளியே கட்டாயம் கொடுங்கள். அப்படிக் கொடுக்கும்போது கவரோடு கைப்பிரதி வைக்காதீர்கள், ஆராதனைக்கு அழைக்காதீர்கள். கடனிலும் நோயிலும் இருப்பவரால் 'வேண்டாம்' என்று சொல்ல முடியாது. அந்த நேரத்தில் கேட்பது நியாயமே அல்ல.

கனடாத் தம்பியிடம் ஒரே கேள்வி கேளுங்கள்: இன்னும் இந்திய பாஸ்போர்ட்தானா? ஆம் என்றால், அவர் தன் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்புவது வெளிநாட்டு நன்கொடை ஆகாது, ரசீது போட்டு வாங்கலாம். கனடா குடியுரிமை எடுத்துவிட்டார் என்றால், ஓசிஐ அட்டை (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை) இருந்தாலும், அது வெளிநாட்டு நன்கொடைதான். எஃப்சிஆர்ஏ என்ற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின்கீழ் பதிவு உள்ள அமைப்பு மட்டும், டெல்லி ஸ்டேட் பாங்க் பிரதான கிளைக் கணக்கில் மட்டும் வாங்கலாம். அப்படி வாங்கிய அமைப்பும் அந்தச் சட்டத்தின் 2020 திருத்தத்துக்குப் பிறகு அதை இன்னொரு அமைப்புக்கு மாற்றிவிட முடியாது. ஆகவே, 'டயோசிஸ் கணக்கில் போடுகிறேன், நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள்' என்று அவர் சொன்னாலும், முதலில் டயோசிஸ் அலுவலகத்தில் கேட்காமல் ஒத்துக்கொள்ளாதீர்கள். சங்கத் தலைவியின் சொந்தக் கணக்கில் வாங்கிச் சபைக்குக் கொடுப்பது அறவே கூடாது.

பிசானப் பருவ நெல் அறுவடை முடிந்து புது நெல் வீட்டுக்கு வரும்போது தொடங்கினால் டப்பா சீக்கிரம் நிறையும். முதல் மாதம் 20 கிலோதான் வந்தாலும் ஏலத்தைத் தள்ளிப்போடாதீர்கள்.