கண்ணுக்குப் பெயர் வந்த கதை

கேள்வி: என் மகள் ரஷ்யாவில் மருத்துவம் படிக்கிறாள். அங்கே கண்ணுக்கு 'கிளாஸ்' என்று பெயராம். மூக்குக்கண்ணாடிக்கோ 'ஒச்கி'. இரண்டுக்கும் ஒட்டே இல்லையே? கண்ணாடியின் ஆங்கிலப் பெயரையா கண்ணுக்கு வைத்துவிட்டார்கள்?
– வாசகி, மீனாட்சிபுரம்

பதில்: அம்மா, உங்கள் மகள் நன்றாகத்தான் கவனித்திருக்கிறாள். ஆனால் அந்தக் 'கிளாஸ்' ஆங்கிலத்திலிருந்து போனதன்று. ஸ்லாவிய மொழிகளில் கண்ணுக்கு ஆதிப்பெயர் 'ஓக்கோ'. இரு கண்களையும் சேர்த்துச் சொன்னால் 'ஓச்சி'. போலந்து, செக், செர்பிய, பல்கேரிய, உக்ரைனிய மொழிகளில் இன்றைக்கும் அதே சொல்தான். ரஷ்ய மொழி மட்டும் அன்றாடப் பேச்சில் வேறு பெயருக்கு மாறிவிட்டது. மூக்குக்கண்ணாடிக்குப் பழைய சொல்லின் வழிவந்த பெயரே நிலைத்தது; ஒச்கி வந்த வழி இதுதான்.

புதுப்பெயர் வந்த கதை எனக்கு மிகவும் பிடித்தமானது. பழைய ரஷ்ய வரலாற்றேடு ஒன்றில் 1114-ஆம் ஆண்டுக்குரிய குறிப்பு இருக்கிறது. வடக்கே வோல்கவ் ஆற்றங்கரையில் லாதகா என்று ஓர் ஊர். பெரிய மழைமேகம் வந்தால் எங்கள் பிள்ளைகள் கண்ணாடிக் 'கிளாஸ்கி' கண்டெடுப்பார்கள், சிறியதும் பெரியதுமாக இருக்கும், துளையும் போட்டிருக்கும், ஆறும் கரையில் ஒதுக்கும் என்று ஊரார் சொன்னார்களாம். எழுதியவர் தாமும் நூற்றுக்கு மேல் வாங்கிக்கொண்டதாகக் குறித்திருக்கிறார். அவை பாசிமணிகள்! கண்ணென்ற பொருள் அந்தச் சொல்லுக்குப் பின்னால்தான் வந்தது. போலந்து மொழியில் அதன் உடன்பிறப்பான சொல் இன்றும் பாறாங்கல்லைக் குறிக்கிறது. உருண்டைக் கல், உருண்டை மணி, பிறகு விழி. பேச்சில் விளையாட்டாக வைத்த பெயர் வீட்டுக்காரனாகி, ஓக்கோவைக் கவிதைக்கும் பழமொழிக்கும் அனுப்பிவிட்டது. கண்ணாடியைக் குறிக்கும் பழைய ஜெர்மானியச் சொல்லோடு இதற்கு உறவு கற்பிப்பவர்களும் உண்டு. எனக்குப் போலந்துக் கல்லின் பக்கமே நம்பிக்கை.

ஆனாலும் ஓக்கோ ரஷ்யத்தை விட்டு முழுதாகப் போய்விடவில்லை. ஜன்னலுக்கு அவர்கள் சொல்லும் 'அக்னோ' அதிலிருந்து பிறந்தது. நம் பலகணியிலும் கண் இருக்கிறதல்லவா? கண்ணால் கண்ட சாட்சியைக் குறிக்கும் ரஷ்யச் சொல்லும் ஓக்கோவில்தான் தொடங்குகிறது. இதைப் படித்த அன்று நான் துள்ளிக் குதித்தேன். ஏனென்றால் ஓக்கோவும் வடமொழியின் 'அக்ஷி'யும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். நாம் சொல்லும் 'சாட்சி'க்குள்ளும் அந்த வேர்தான் ஒளிந்திருக்கிறது. உங்கள் ஊர்ப்பெயரில் மீனுக்குப் பின்னால் நிற்பதும் அதுவே! பொள்ளாச்சியிலிருந்து பாலக்காட்டுக்கு ரயிலில் போகும்போது உங்கள் நிலையத்தின் பலகையைக் கண்டால் பக்கத்தில் இருப்பவரிடம் இதைச் சொல்லாமல் என்னால் இருக்க முடிவதில்லை.

இன்னொன்று, உங்கள் மகளுக்கு. போலந்துக்காரர்கள் இரு கண்களுக்கு 'ஓச்சி' என்பார்கள். வலைக்கண்களுக்கும், கோழிச்சாற்றின் மேல் வட்ட வட்டமாக மிதக்கும் கொழுப்புக்கும் 'ஓக்கா' என்பார்கள். ஒரே சொல்லுக்கு இரண்டு பன்மை. பழைய ஸ்லாவியத்தில் ஒருமை, பன்மை தவிர, இரண்டைக் குறிக்க இருமை என்றும் ஒன்று இருந்தது. ஸ்லோவேனிய மொழியில் அது இன்றும் உயிரோடு இருக்கிறது. மற்ற மொழிகள் பலவற்றில் கண், காது போன்ற சோடி உறுப்புகளில் அதன் தடம் மட்டும் மிச்சம்.

கேள்வி: 'கண்' என்பது வடமொழியிலிருந்து வந்த சொல்லா?
– வாசகர், கொழிஞ்சாம்பாறை

பதில்: இல்லை. மலையாளத்தில் கண்ணு, கன்னடத்தில் கண்ணு, தெலுங்கில் கன்னு என்று திராவிட மொழிகள் பங்கிட்டுக்கொண்ட சொந்தச் சொத்து அது. கடைக்குப் போகும்போது மட்டும் ஒன்றைக் கவனியுங்கள்: மலையாளத்தில் 'கண்ணாடி' என்றால் முகம் பார்ப்பதை எடுத்துக் கொடுப்பார்கள். மூக்கில் மாட்டுவது வேண்டுமானால் 'கண்ணட' என்று கேளுங்கள்.