தனியார் நிறுவனச் சுரண்டலை இந்திய நாவல்கள் உண்மையாகக் காட்டியுள்ளனவா?

காட்டியுள்ளன. நான் முதலில் சொல்வது, 1969இல் வெளிவந்த பி.எச். டேனியலின் 'ரெட் டீ', இரா. முருகவேளின் மொழிபெயர்ப்பில் 'எரியும் பனிக்காடு'. வால்பாறைத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராகப் பணியாற்றியவர் எழுதியது என்பதால், அதில் சுரண்டல் ஏதோ ஒரு துரையின் குணக்கேடாக மட்டும் நின்றுவிடாமல், கணக்குப் புத்தகத்தின் வழியாகவும் இயங்குகிறது: மேஸ்திரி ஊரில் முன்பணம் கொடுத்து ஆளை அழைத்து வருகிறார், அது கூலியில் பிடிக்கப்படுகிறது, கணக்கு முடிக்கும்போதும் கடன் மிஞ்சுகிறது, ஊர் திரும்ப வழியில்லாமல் போகிறது. முன்பணம் வாங்கியபின் ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைச் சிறைக்கு அனுப்ப 1859ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இடமளித்திருந்ததையும் சேர்த்தே இதை வாசிக்க வேண்டும். அசாம் தேயிலைத் தோட்டங்களைப் பற்றி முல்க் ராஜ் ஆனந்த் 1937இலேயே நாவல் எழுதிவிட்டார். வேலையை விடுபவரிடம் பயிற்சிச் செலவைக் கேட்டு அசல் சான்றிதழ்களைப் பிடித்து வைக்கும் இன்றைய நிறுவனங்களிலும் அந்த முன்பணத்தையே காண்கிறேன். அது என்னை வருத்துகிறது.