குழந்தைகள் பாதுகாப்பு: வாசகர் கேள்விகள்

கேள்வி: மாதாமாதம் பிள்ளைகளின் வழக்குக் கோப்புகளை ஆய்வு செய்கிறோம். எல்லாப் படிவமும் இருக்கிறது என்று டிக் அடித்து முடிக்கிறோம். ஆனால் வேலையின் தரம் கூடுகிறதா என்று தெரியவில்லையே?
– சமூகப் பணியாளர், பாளையங்கோட்டை

பதில்: படிவம் இருக்கிறதா என்பதோடு நிற்காமல் அதில் போட்டிருக்கும் தேதியைப் பாருங்கள். இளைஞர் நீதிச் சட்டம், 2015 மூன்று கெடு வைத்திருக்கிறது. மீட்கப்பட்ட குழந்தையை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு (பிள்ளையின் பராமரிப்பை முடிவு செய்யும் அமைப்பு) முன் நிறுத்த வேண்டும். பிள்ளையின் வீட்டு நிலைமையை விசாரித்து எழுதும் சமூக விசாரணை அறிக்கை 15 நாளில் வர வேண்டும். முதலில் நிறுத்திய நாளிலிருந்து 4 மாதத்துக்குள் குழு இறுதி ஆணை போட வேண்டும். ஒவ்வொரு கோப்பிலும் இந்த மூன்றுக்கும் எத்தனை நாள் ஆனது என்று ஒரே தாளில் எழுதுங்கள். சராசரி வேண்டாம். செங்கல் சூளையில் மீட்ட வெளிமாநிலப் பிள்ளையின் முகவரி கிடைக்காமல் இழுத்த ஒரே கோப்பு சராசரியைக் கெடுத்துவிடும். சிறியதிலிருந்து பெரியது வரை வரிசையாக எழுதி, நடுவில் வருவதை எடுங்கள். அதிக நாள் இழுத்த கோப்பைத் தனியாகப் படியுங்கள். அங்கே ஒரு பிள்ளை காத்திருக்கிறது.

எந்தக் கோப்பைப் பார்ப்பது என்பதை அதைக் கையாண்டவரே முடிவு செய்யக் கூடாது. பதிவேட்டில் ஐந்தாவது, பத்தாவது என்று எண்ணி எடுங்கள். மாதம் பத்து கோப்பு போதும். ஒரே கோப்பை இரண்டு பேர் தனித்தனியாகப் படித்துவிட்டு ஒப்பிடுங்கள். ‘குழந்தையின் கருத்து கேட்கப்பட்டதா?’ என்றால், அச்சடித்த வரி இருப்பதால் ஒருவர் ‘ஆம்’ என்பார். பிள்ளையின் பேச்சு ஒன்றுமே இல்லை என்று மற்றவர் ‘இல்லை’ என்பார். அப்படியானால் கேள்வியை மாற்றுங்கள்: ‘பிள்ளை சொன்ன ஒரு வாக்கியமாவது அதன் சொல்லிலேயே எழுதப்பட்டிருக்கிறதா?’ ஒவ்வொரு பிள்ளைக்கும் தனியாக எழுதும் தனிநபர் பராமரிப்புத் திட்டத்தையும் இப்படித்தான் சோதிக்க வேண்டும். இரண்டு பிள்ளைகளின் திட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். பெயரைத் தவிர எல்லாம் ஒன்றாக இருந்தால் இரண்டையும் புதிதாக எழுதத்தான் வேண்டும்.

அடுத்தது, சமூக விசாரணை அறிக்கை தாமதமானால் நாட்கள் எங்கே போயின என்று பிரித்துப் பார்ப்பது. விசாரிக்கச் சொல்லிக் குழு ஆணை எழுதிய நாள், அது பணியாளர் கைக்கு வந்த நாள், வீட்டுக்குப் போன நாள், அறிக்கை ஒப்படைத்த நாள் என்று நாலு தேதி வேண்டும். ராதாபுரம் பக்கம் ஒரு வீட்டுக்குப் போய்வர ஒரு நாள் போகும் என்பது உண்மைதான். ஆனால் ஆணை மேசையில் கிடந்த நாட்களை யாரும் எண்ணுவதே இல்லை. தாமதம் அங்கேதான் என்று தெரிந்தால், எழுதிய அன்றே கையில் கொடுத்துத் தேதியோடு கையெழுத்து வாங்கும் முறையை அடுத்து வரும் ஐந்து வழக்குகளில் மட்டும் செய்து பாருங்கள். அவசரத்துக்கு வாட்ஸ்அப் குழுவில் ஆணையைப் போட்டுவிடாதீர்கள். பிள்ளையின் அடையாளம் வெளியே போவதைச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடுக்கிறது.

பலன் தெரிந்தால் எல்லா வழக்குக்கும் கொண்டுவந்து, அந்தந்த மாத நடு எண்ணை ஒரு புள்ளியாக வரைந்து வாருங்கள். பழைய நடு எண்ணுக்குக் கீழேயே தொடர்ந்து ஆறு புள்ளி விழுந்தால் மாற்றம் நிலைத்திருக்கிறது என்று நம்பலாம். ஒரு மாதம் குறைந்ததை வைத்து அறிக்கை எழுதிவிட வேண்டாம்.

கேள்வி: எங்கள் குழந்தைகள் இல்லத்தில் ஆலோசனைப் பெட்டி வைத்தும் ஒரு சீட்டுகூட விழுவதில்லை. குறை எதுவும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?
– இல்லக் கண்காணிப்பாளர், அம்பாசமுத்திரம்

பதில்: எடுத்துக்கொள்ள முடியாது. பெட்டி எங்கே தொங்குகிறது, சாவி யாரிடம் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். அலுவலகத்தைத் தள்ளி, பிள்ளைகள் தங்கும் அறைப் பக்கம் வைக்க வேண்டும் என்றும், சாவி இல்லத்தின் மேலாண்மைக் குழுத் தலைவரிடம் இருக்க வேண்டும் என்றும், வாரம் ஒருமுறை குழந்தைகள் குழு (பிள்ளைகளே இருக்கும் குழு) உறுப்பினர்கள் முன்னிலையில் திறக்க வேண்டும் என்றும் இளைஞர் நீதிச் சட்டத்தின் 2016-ஆம் ஆண்டு மாதிரி விதிகள் சொல்கின்றன. உங்கள் அறை வாசலில் பெட்டியும் உங்கள் மேசை டிராயரில் சாவியும் இருந்தால் எந்தப் பிள்ளை எழுதும்?

ஆறு வயதுப் பிள்ளைக்கும் எட்டுகிற உயரத்தில் மாட்டுங்கள். பக்கத்திலேயே பென்சிலும் துண்டுத் தாளும் வையுங்கள். எழுதத் தெரியாத சின்னதுகள் படம் வரைந்து போடட்டும். ‘ராத்திரி பாத்ரூம் பக்கம் லைட்டு எரியல, பயமா இருக்கு’ என்று ஒரு சீட்டு வந்தால் அந்த வாரமே பல்பு மாட்டி, மாட்டியதைப் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த சீட்டு அதற்குப் பிறகுதான் வரும். கையெழுத்தை ஒப்பிட்டு யார் எழுதியது என்று தேடினால் எல்லாம் அன்றோடு போச்சு. முதல் சில மாதம் சீட்டு கூடினால் அதைத் தரக்குறைவு என்று எண்ணாதீர்கள். பாலியல் சீண்டல் பற்றி ஒரு வரி வந்தாலும் அது கூட்டத்தில் பேசும் விஷயமில்லை. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டப்படி உடனே காவல் துறைக்குச் சொல்ல வேண்டும்.

கேள்வி: அமெரிக்காவில் குழந்தைகள் நலக் கோப்பு ஆய்வு எப்படி?
– சமூகப்பணி மாணவி, திருநெல்வேலி

பதில்: கூட்டாட்சி அரசு நடத்தும் ஆய்வின் மூன்றாம் சுற்றில் (2015–18) மாநிலத்துக்குக் குறைந்தது 65 வழக்குகளைப் பார்த்தார்கள்: வளர்ப்புப் பராமரிப்பில் 40, வீட்டிலேயே உதவி பெறுபவை 25. நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த எண்ணிக்கையை அல்ல. கோப்பைப் படித்ததோடு விடாமல் பிள்ளை, பெற்றோர், வளர்ப்போர், பணியாளர் என்று ஆளைப் பார்த்துக் கேட்கிறார்களே, அந்தப் பழக்கத்தைத்தான்.

கேள்வி: எங்கள் ஊரில் பீடி சுற்றும் குடும்பங்கள் அதிகம். கிராமக் குழந்தைகள் பாதுகாப்புக் குழு கூடும்போது, பிள்ளை பள்ளியை விட்டு நின்று மாதக்கணக்காகிவிடுகிறது. என்ன செய்யலாம்?
– குழு உறுப்பினர், முக்கூடல்

பதில்: இடைநின்றவர் பட்டியலுக்குக் காத்திருக்காதீர்கள். தொடர்ந்து ஐந்து நாள் வராத பிள்ளைகளின் பெயரை ஒவ்வொரு வெள்ளியும் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். திங்களுக்குள் ஒருவர் வீட்டுக்குப் போய்வர வேண்டும். கூலி ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்பதால், அம்மாவுக்கு முடியாமல் போனால் இலை வெட்ட மூத்த பெண்பிள்ளைதான் முதலில் நிற்கும். அதனால் வருகைப் பதிவேட்டோடு வீட்டு நிலைமையையும் எழுதுங்கள்.

விதவைத் தாய், கைவிடப்பட்ட தாய், தீராத நோயில் கிடக்கும் பெற்றோர் என்றால், ஒன்றிய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் நிதி ஆதரவு கேட்கலாம். கிராமத்தில் ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்கும், நகரத்தில் 96,000 ரூபாய்க்கும் மேல் போகக் கூடாது. ‘இத்தனை மனு அனுப்பினோம்’ என்று எண்ணுவதில் பயனில்லை. மனு கொடுத்த நாளிலிருந்து முதல் தவணை கணக்கில் ஏறும் வரை எத்தனை நாள் என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் எழுதிவையுங்கள். வருமானச் சான்று, முடங்கிக் கிடக்கும் வங்கிக் கணக்கு, ஆதாரில் பெயர் எழுத்து மாறியிருப்பது ஆகிய மூன்றையும் மனு போகும் முன்பே சரிபார்த்துவிடுங்கள்.