மூன்று சுழியா, இரண்டு சுழியா? 4கே மானிட்டர் வாங்குவோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: பதிப்பகம் ஒன்றில் மெய்ப்புத் திருத்துகிறேன். நாள் முழுவதும் தமிழ்ப் பக்கங்கள்தான். இப்போதுள்ள 24 அங்குல முழு எச்டி மானிட்டரில், மாலையானால் ணகரமும் னகரமும் ஒன்றுபோலத் தெரிகின்றன. அலுவலகத்தில் புதிது வாங்கித் தர ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். கடைக்காரரோ, “4கே எல்லாம் படம் வெட்டி ஒட்டுபவர்களுக்கு. எழுத்து வேலைக்கு 27 அங்குலத்தில் கியூஎச்டி போதும். 4கே வாங்கினால் எழுத்து எறும்பு அளவுக்குச் சிறுத்துவிடும்” என்கிறார். உண்மையா? 32 அங்குலம் வாங்கலாமா?
— மெய்ப்புத் திருத்துநர் ஒருவர், மதுரை

பதில்: கடைக்காரர் சொன்னதைத் தலைகீழாகத் திருப்பிக்கொள்ளுங்கள். உயர் தெளிவுத்திறன் திரையால் முதலில் பயன்பெற வேண்டியவர்கள் உங்களைப் போல எழுத்தோடு வாழ்பவர்கள்தான். அதிலும் தமிழ் எழுத்தோடு வாழ்பவர்கள்.

கணக்கு எளிது. பிக்சல் என்பது திரையில் படத்தை உருவாக்கும் மிகச் சிறிய ஒளிக்கட்டம். முழு எச்டி திரையில் 1920-க்கு 1080, கியூஎச்டியில் 2560-க்கு 1440, 4கேயில் 3840-க்கு 2160 பிக்சல்கள். 12 புள்ளி (பாயின்ட்) அளவுள்ள எழுத்துக்கு ஒதுக்கப்படும் உயரம் ஓர் அங்குலத்தில் ஆறில் ஒரு பங்கு. உங்கள் 24 அங்குலத் திரையில் ஓர் அங்குலத்துக்கு 92 பிக்சல்கள் இருக்கின்றன. பக்கத்தை அசல் அளவில் வைத்துப் பார்த்தால், ஓர் எழுத்துக்கு மேலிருந்து கீழ்வரை கிடைப்பது 15 பிக்சல். மெய்யெழுத்தின் புள்ளி, மேல்விலங்கு, கீழே இறங்கும் உகரக் குறி எல்லாம் அந்தப் பதினைந்துக்குள் அடங்க வேண்டும். எழுத்தின் உடலுக்கு மிஞ்சுவது அதில் பாதி. அதற்குள் மூன்று சுழிகளை எப்படி வரைவது? எட்டுப் புள்ளி வைத்துவிட்டு இருபது புள்ளிச் சிக்குக் கோலத்தை இழுக்க முடியாது. அதனால் கணினி விளிம்புகளைச் சாம்பல் நிறத்தில் மங்கலாக்கி, சுழி இருப்பதுபோல ஒப்பேற்றுகிறது. காலையில் உங்கள் மூளை அதை ஊகித்துப் படித்துவிடுகிறது. மாலையில் ஊகிக்கத் தெம்பு இருப்பதில்லை.

மனமா மணமா, விதியா வீதியா, கொடுவா கோடா என்பதையெல்லாம் தமிழில் தீர்மானிப்பது ஒரு சிறு சுழி. ஆங்கிலம் படிப்பவருக்கு 92 பிக்சல் அடர்த்தி ஓரளவு தாங்கும், நமக்குத் தாங்காது.

அதே 12 புள்ளி எழுத்து, அதே அசல் அளவில், 27 அங்குல கியூஎச்டி திரையில் 18 பிக்சல் பெறும். 27 அங்குல 4கே திரையில் 27 பிக்சல் பெறும். கியூஎச்டிக்கு மாறினால் கிடைப்பது மூன்றே மூன்று பிக்சல். இதற்காக அலுவலகத்தின் பணத்தைச் செலவழிக்க வேண்டாம்.

எழுத்து சிறுத்துவிடும் என்ற பயத்துக்குக் காரணம் உண்டு. 4கே திரையை 100 சதவீத அளவீட்டில் வைத்தால் எழுத்துகள் சிறுக்கத்தான் செய்யும். விண்டோஸ் அமைப்பில் ஸ்கேலிங் என்ற இடத்தில் 150 சதவீதம் என்று வையுங்கள். கியூஎச்டி திரையில் தெரியும் அதே அளவில் எழுத்து வரும். ஆனால் அதே எழுத்தை வரைய 2.25 மடங்கு பிக்சல்கள் கிடைக்கும். ஓர் எச்சரிக்கை: பேஜ்மேக்கர் போன்ற பழைய மென்பொருளை இன்னும் வைத்திருந்தால், அது இந்த ஸ்கேலிங்கை அறியாது. விண்டோஸ் அதன் சாளரத்தை அப்படியே இழுத்துப் பெரிதாக்கும், எழுத்து மங்கும். அந்த வேலைக்குப் பழைய மானிட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பிடிஎப் மெய்ப்பை மட்டும் புதிய திரையில் பாருங்கள்.

எத்தனை அடர்த்தி போதும் என்பது நீங்கள் உட்காரும் தூரத்தைப் பொறுத்தது. 6/6 பார்வை என்று கண் மருத்துவர் சொல்லும் கண்ணால், ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு கோணத்தைப் பிரித்தறிய முடியும். 60 செ.மீ. தூரத்தில் அது 0.17 மி.மீ.; அதாவது அங்குலத்துக்கு 145 பிக்சல். 27 அங்குல கியூஎச்டி 109-இல் நின்றுவிடுகிறது. 27 அங்குல 4கே 163, எல்லையைத் தாண்டிவிடுகிறது. 32 அங்குல 4கே 140, சற்றுக் குறைவு. ஆனால் அவ்வளவு பெரிய திரையை 70 செ.மீ. தள்ளி வைத்துத்தான் பார்ப்போம், அந்தத் தூரத்துக்கு 125 போதும். ஆக, உங்கள் மேசையின் ஆழத்தை அளந்து பாருங்கள். 60 செ.மீ. மேசை என்றால் 27 அங்குலம். 75 அல்லது 80 செ.மீ. ஆழம் இருந்தால் 32 அங்குலமும் பொருந்தும்.

நான் உங்களுக்கு 27 அங்குல 4கேயைத்தான் சொல்வேன். அதன் திரைப்பரப்பு ஏறக்குறைய 60 செ.மீ. அகலம், 33.6 செ.மீ. உயரம். ஏ4 தாள் 21 செ.மீ. அகலம், 29.7 செ.மீ. உயரம். இரண்டு பக்கங்களை அசல் அளவில் அருகருகே வைத்த பிறகும் பக்கவாட்டில் 18 செ.மீ. மிஞ்சும், மேலே மென்பொருளின் கருவிப்பட்டைக்கும் இடம் இருக்கும். இப்போதுள்ள 24 அங்குலத் திரையின் உயரமே 30 செ.மீ.தான் என்பதால், கருவிப்பட்டை போக முழுப் பக்கம் ஒருநாளும் அசல் அளவில் அடங்கியிருக்காது.

வாங்கும் முன், ண்ண, ன்ன, ணை, னை, கீ, கே எல்லாம் நிறைந்த உங்கள் பக்கம் ஒன்றைப் பென் டிரைவில் எடுத்துச் செல்லுங்கள். கடையில் ஓடும் பூ, பறவைக் காணொளி எந்த மானிட்டரிலும் அழகாகத்தான் இருக்கும். உங்கள் பக்கத்தைத் திறக்கச் சொல்லி, நீங்கள் வழக்கமாக உட்காரும் தூரத்தில் நின்று படியுங்கள்.

கேள்வி: 4கே மானிட்டர் வாங்கி ஐந்து ஆண்டுப் பழைய மடிக்கணினியுடன் டைப்-சி ஹப் வழியாக எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்தேன். படம் கூர்மையாக இருக்கிறது. ஆனால் மவுஸ் அம்பு விட்டுவிட்டு நகர்கிறது; பக்கத்தை உருட்டினால் தலை சுற்றுகிறது. மானிட்டர் பழுதா?
— கல்லூரி ஆசிரியை, திருச்சி

பதில்: மானிட்டரின்மேல் பழி போடாதீர்கள். விண்டோஸ் அமைப்புகளில் டிஸ்பிளே, அதில் மேம்பட்ட டிஸ்பிளே என்ற இடத்தில் புதுப்பிப்பு வேகத்தை, அதாவது திரை நொடிக்கு எத்தனை முறை புதிதாக வரையப்படுகிறது என்பதைப் பாருங்கள். பெரும்பாலும் 30 ஹெர்ட்ஸ் என்று இருக்கும். 60 இருக்க வேண்டும்.

4கே திரையில் 83 லட்சம் பிக்சல்கள். ஒவ்வொன்றுக்கும் 24 பிட் நிறம், நொடிக்கு 60 முறை என்றால், ஒரு நொடியில் ஏறக்குறைய 1,200 கோடி பிட் கேபிள் வழியே ஓட வேண்டும். 2009-இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 முறையில் படத்துக்குக் கிடைப்பது சுமார் 816 கோடிதான். அதனால் கணினி வேகத்தைப் பாதியாகக் குறைத்துக்கொள்கிறது. 2013-இல் வந்த எச்டிஎம்ஐ 2.0-இல் 1,440 கோடி போகும். அங்கே 60 ஹெர்ட்ஸ் தடையின்றி வரும். மடிக்கணினி, ஹப், கேபிள், மானிட்டர் இந்த நான்கில் எது பின்தங்கியிருந்தாலும் மற்ற மூன்றும் அதனோடு சேர்ந்து பின்தங்கும்.

உங்கள் விஷயத்தில் எனக்குச் சந்தேகம் ஹப் மேல்தான். விலை மலிவான ஹப்களின் எச்டிஎம்ஐ துளை பல நேரங்களில் 4கேயை 30 ஹெர்ட்ஸில் மட்டுமே தரும்; பெட்டியின்மேல் “4கே” என்று மட்டும் அச்சிட்டிருப்பார்கள். மடிக்கணினியின் டைப்-சி துளை படம் அனுப்பக் கூடியது என்பது ஏற்கெனவே தெரிந்துவிட்டது. எனவே ஹப்பை விலக்கிவிட்டு, டைப்-சி முனையும் டிஸ்பிளேபோர்ட் முனையும் கொண்ட ஒற்றைக் கேபிளில் நேராக இணைத்துப் பாருங்கள். மானிட்டரிலேயே டைப்-சி துளை இருந்தால் இன்னும் நல்லது: படமும் போகும், மடிக்கணினிக்கு மின்சாரமும் வரும். எத்தனை வாட் தருகிறது என்பதை மட்டும் உங்கள் சார்ஜரில் எழுதியிருப்பதோடு ஒப்பிடுங்கள்.

புதிதாக வாங்குபவர்களுக்கும் ஒரு சொல். “எச்டிஎம்ஐ 2.1” என்ற எண்ணை மட்டும் நம்பாதீர்கள். அந்த முறையின் புதிய வசதிகள் விருப்பத்துக்கு உட்பட்டவை, பழைய 2.0-இன் வேகத்திலேயே இயங்கும் துளைக்கும் 2.1 என்று பெயரிட விதி இடம் தருகிறது. “4கே, எத்தனை ஹெர்ட்ஸ், எந்தத் துளையில்?” என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

திரை முந்திப் போவதும் கேபிள் பின்தங்குவதும் பழைய கதை. 2001-இல் ஐபிஎம் வெளியிட்ட 22.2 அங்குல மானிட்டரில் 3840-க்கு 2400 பிக்சல்கள் இருந்தன, அங்குலத்துக்கு 204. இன்றைய 27 அங்குல 4கேயைவிட அடர்த்தி அதிகம். அன்றைய டிவிஐ கேபிள் ஒன்றால் அதற்குத் தீனி போட முடியாமல் நான்கு கேபிள்கள் வரை செருக வேண்டியிருந்தது.

கேள்வி: மேக் மினி வாங்கியிருக்கிறேன். 27 அங்குலத்தில் 4கே போதுமா, 5கேதான் வேண்டும் என்கிறார்களே?
— மொழிபெயர்ப்பாளர், சென்னை

பதில்: மேக்குக்கு ஒரு பிடிவாதம் உண்டு. எதையும் சரியாக இரண்டு மடங்காக்கி வரையவே அது விரும்பும். 27 அங்குல 5கே திரை (5120-க்கு 2880, அங்குலத்துக்கு 218 பிக்சல்) அந்தக் கணக்கில் அச்சாகப் பொருந்துகிறது. 2014-இல் ஆப்பிள் தன் ஐமேக்கில் வைத்த அளவு அதுதான். 4கே திரையில் அதே அளவு எழுத்து வேண்டுமென்றால், மேக் முதலில் 5கே அளவில் வரைந்து பிறகு 4கேக்குச் சுருக்கும். அதனால் எழுத்தின் விளிம்பு இம்மியளவு மென்மையாகத் தெரியும். விலை வித்தியாசத்தை எண்ணிப் பார்த்தால், பெரும்பாலோருக்கு 4கே போதும் என்பேன். கியூஎச்டி மட்டும் வேண்டாம். ஒவ்வொரு பிக்சலின் சிவப்பு, பச்சை, நீலத் துணைப்பிக்சல்களையும் தனித்தனியே பயன்படுத்தி எழுத்தைக் கூராக்கும் மெருகூட்டல் குறைந்த அடர்த்தித் திரைகளுக்கு உதவியது; 2018-இல் வந்த மொஹாவே என்ற இயங்குதளப் பதிப்பிலிருந்து மேக் அதைக் கைவிட்டுவிட்டது. தமிழ் எழுத்து அங்கே மிகவும் நைந்து தெரியும்.

கேள்வி: கணக்கு வேலைக்கு ஓஎல்இடி மானிட்டர் வாங்கலாமா? எச்டிஆர் 400 ஸ்டிக்கர் உள்ளதற்குக் கூடுதல் பணம் தரலாமா?
— கணக்காளர், ஈரோடு

பதில்: இரண்டுக்கும் வேண்டாம் என்பதே பதில். ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் ஓஎல்இடியில் ஒரே கட்டங்களும் பட்டைகளும் நாள்தோறும் ஒரே இடத்தில் நின்றால் நாளடைவில் தழும்பாகப் பதியலாம். அதன் துணைப்பிக்சல்களின் அடுக்கு முறையால் எழுத்தோரத்தில் நிறக் கசிவும் தெரியும். எச்டிஆர் என்பது ஒளிக்கும் இருளுக்கும் உள்ள வேறுபாட்டை விரிவாகக் காட்டும் திறன்; எச்டிஆர் 400 அதற்கான தரவரிசையின் அடிப்படி. திரையின் பகுதிகளைத் தனித்தனியே மங்கச் செய்யும் விளக்கமைப்பை அது கோருவதில்லை. அந்தப் பணத்தை நல்ல தாங்கிக்குச் செலவிடுங்கள்.

கேள்வி: புதிய மானிட்டர் வந்ததிலிருந்து கழுத்து வலி. புரோகிரஸிவ் கண்ணாடி அணிகிறேன். வயது 58.
— ஓய்வுபெறப் போகும் அலுவலர், நாகர்கோவில்

பதில்: உங்கள் கண்ணாடியின் கீழ்ப்பகுதி அருகில் பார்ப்பதற்கானது. திரை உயரமாக இருந்தால் அந்தப் பகுதி வழியே பார்க்க முகவாயைத் தூக்குகிறீர்கள்; நாள் முழுவதும் அப்படியே இருந்தால் கழுத்து என்ன செய்யும்? திரையின் மேல் விளிம்பு கண் மட்டத்துக்குக் கீழே, நன்றாகவே கீழே இருக்கட்டும். சற்று மேல்நோக்கிச் சாய்த்து வையுங்கள். உங்கள் மானிட்டரின் தாங்கி இறங்காத வகை என்றால், பின்புறத்தில் நான்கு திருகுத் துளைகள் 100 மி.மீ. சதுரமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், எடையைத் தாங்கும் மேசைக் கைப்பிடித் தாங்கி ஒன்றைத் தனியே வாங்கிப் பொருத்தலாம். உயரம் மாற்ற முடியாத தாங்கியோடு விலையுயர்ந்த திரைகளை விற்பதை நான் ஒருபோதும் ஏற்க மாட்டேன். நாள் முழுவதும் அமரும் கணினி வேலைக்கான கண்ணாடியைப் பற்றிக் கண் மருத்துவரிடமும் கேளுங்கள்.

கேள்வி: இணையத்தில் வாங்கிய 4கே மானிட்டரில் ஒரு புள்ளி எப்போதும் பச்சையாக ஒளிர்கிறது. ஒரு புள்ளிக்கெல்லாம் மாற்றித் தர முடியாது என்கிறார் விற்பனையாளர்.
— வாசகர், கோவை

பதில்: விற்பனையாளர் சாய்ந்துகொள்வது பழைய ஐஎஸ்ஓ தரம் ஒன்றின்மேல். 2001-இல் வந்த அந்தத் தரத்தின் இரண்டாம் வகுப்பு, 10 லட்சம் பிக்சலுக்கு எப்போதும் ஒளிரும் 2 பிக்சல்களை அனுமதித்தது. அதை 4கே திரைக்குப் பெருக்கினால் 16 வரும். பதினாறு ஒளிப்புள்ளிகள் உள்ள திரையை யார் வீட்டில் வைத்துக்கொள்வார்கள்? 2008-இல் புதிய தரம் வந்துவிட்டாலும், வகுப்பு வாரியாகக் குறைகளை அனுமதிக்கும் முறை நீடிக்கிறது.

முதலில் உற்பத்தியாளரின் வாரன்டி பக்கத்தைத் திறந்து, உங்கள் மாடலுக்கான பிக்சல் கொள்கையைப் படியுங்கள். சில நிறுவனங்கள், சில வரிசை மானிட்டர்களில், ஒரே ஓர் ஒளிப்புள்ளி இருந்தாலும் மாற்றித் தருகின்றன. அப்படி வாக்குறுதி இருந்தால் உங்கள் கை ஓங்கிவிட்டது. குறையுள்ள பொருளையோ, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்பப் பெற மறுக்கக் கூடாது என்று 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகள் இணைய விற்பனையாளருக்குச் சொல்கின்றன. கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என முழுத்திரை நிறங்களை வைத்துப் படம் எடுங்கள். பில், மாடல் எண், விளம்பரப் பக்கத்தின் படம் ஆகியவற்றோடு எழுத்தில் புகார் அனுப்புங்கள். மசியாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். திரும்பத் தரும் கெடு முடிவதற்குள் முதல் மின்னஞ்சல் போய்விட வேண்டும், இன்றே அனுப்பிவிடுங்கள்.