ஓணான் கணக்கெடுப்பு: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: பாலைவனத்தில் நேர்கோட்டில் நடந்து ஓணான், அரணைகளை எண்ணுகிறோம். ஒரே தடத்தில் காலையில் ஏராளம், மதியம் ஒன்றுகூட இல்லை. எதை நம்புவது?

பதில்: இரண்டுமே, நீங்கள் நடந்த வேளையில் வெளியே இருந்தவற்றின் எண்ணிக்கைதான். மணல் கொதிக்கத் தொடங்கியதும் அவை வளைக்குள்ளோ புதரடிக்கோ போய்விடும். அதனால் எல்லாத் தடங்களையும் ஒரே வெப்ப வரம்புக்குள் நடந்து முடியுங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் கிளம்புவது போதாது. மணலின் மேற்பரப்பு வெப்பம், நிழலில் காற்றின் வெப்பம், காற்று, மேகம் நான்கையும் தொடக்கத்திலும் முடிவிலும் குறியுங்கள்.

அடர்த்தியை, அதாவது ஒரு பரப்பில் எத்தனை என்பதைக் கணக்கிட அளக்க வேண்டியது, நடைக்கோட்டிலிருந்து ஓணான் இருந்த இடத்துக்குச் செங்குத்துத் தூரம். அதுவும் முதலில் கண்ணில் பட்ட இடத்துக்கு. பலரும் சறுக்குவது இங்கேதான். அது மிரண்டு ஓடிப் புதரில் புகுந்தபின் அங்கே டேப் பிடித்தால் தூரம் கூடும், அடர்த்தி உள்ளதைவிடக் குறைவாக வரும். கண்மதிப்பில் 5 மீட்டர், 10 மீட்டர் என்று உருட்டி எழுதினாலும் கணக்கு கெடும். ஓர் இனத்துக்கு 60 முதல் 80 பதிவாவது சேராமல் அடர்த்தி கணக்கிட உட்காராதீர்கள். கோட்டின் மேலேயே இருப்பது எதுவும் கண்ணுக்குத் தப்பாது என்பதுதான் இந்த முறையின் அடிப்படை. வளைக்குள் கிடப்பவை அதில் சேராது என்பதை அறிக்கையில் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: ஓணான், பல்லிகளைப் பிடிக்கத் தரைமட்டமாகப் புதைத்த குழிப்பொறி வாளிகளில் விழுபவை செத்துக் கிடக்கின்றனவே?

பதில்: பெரும்பாலும் வெயில், அடுத்தது எறும்பு. வாளியின் வாய்க்கு மேல் சிறு கற்களில் பலகையைத் தூக்கி வைத்து நிழல் கொடுங்கள். உள்ளே ஓர் அட்டைக் குழாய் கிடக்கட்டும். எறும்புப் புற்றருகே புதைக்க வேண்டாம். விடிந்ததும் ஒரு முறை, சூடேறும் முன் மறுமுறை பாருங்கள். வேலையில்லாத நாளில் மூடியை இறுக்கி மூடுங்கள். திறந்து கிடக்கும் வாளி வெறும் கொலைக்குழி. விளிம்பு தரைக்கு மேல் விரலளவு நீட்டியிருந்தாலும் பல பிராணிகள் ஒதுங்கிப் போய்விடும். விரலடியில் ஒட்டுத்தட்டுள்ள பல்லிகள் சுவரேறித் தப்பிவிடும். அவற்றுக்கு இரவில் கண்மட்டத்தில் பிடித்த டார்ச்தான் சரி; ஒளி பட்டால் பலவற்றின் கண் மினுங்கும்.

கேள்வி: தேடியும் அகப்படாத கட்டத்தை வரைபடத்தில் 'இல்லை' என்று போடலாமா?

பதில்: ஒரே நடையில் கூடாது. ஓர் இனம் இருக்கும் இடத்தில் ஒரு நடையில் தென்படும் வாய்ப்பு 40 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், மூன்று நடையிலும் தப்பும் வாய்ப்பு 0.6 × 0.6 × 0.6, அதாவது ஏறத்தாழ 22 சதவீதம். ஆறு நடைக்கு 5 சதவீதத்துக்கும் கீழே வரும். ஒவ்வொரு நடையின் முடிவையும் தனித்தனியாக எழுதி வையுங்கள். கூட்டிப் போட்டுவிட்டால் இந்தக் கணக்கைப் பிறகு செய்யவே முடியாது.